பாதி வண்டி

எழுபத்திரண்டாம் வருடத்து ஹோண்டா.
முந்நூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர்.
ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும்.
அதனால் சத்தம் சீராக இருக்காது:
அடுத்தடுத்து இரண்டு அடி,
பிறகு நீளமாய் ஒரு மூச்சு.
டட்-டட்.
         டட்-டட்.
சமையலறையில் இருந்தபடியே அம்மா சொல்லிவிடுவாள்,
அப்பா பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று.

எண்பத்தைந்தில் வங்கி வந்தது.
டிராக்டர் போயிற்று, அறுவடை இயந்திரம் போயிற்று,
நாற்பது பசுக்கள் முதுகில் எண் ஒட்டி
லாரியேறிப் போயின.
தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஹோண்டாவை
ஏலக்காரன் பார்க்கவில்லை.
அல்லது பார்த்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பா போனபின்
வண்டி எனக்கு என்றேன் நான்.
எனக்கு என்றான் வெர்லின்.
நான் ஒரு வார்த்தை விட்டேன், அவன் ஒன்று விட்டான்,
அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.
மறுநாள் காலையில்
கார்புரேட்டர் இரண்டையும் காணோம்.
கழற்றிய துவாரங்களில், ஒழுங்காக,
பழந்துணி அடைத்திருந்தான்.
தூசி போய்விடக் கூடாதாம்.

ஒன்பது வருடம்.
என் கொட்டகையில் மூச்சில்லாத வண்டி.
பதினெட்டு மைல் வடக்கே, டெக்கோராவில்,
காப்பி டின்னுக்குள் வண்டியில்லாத மூச்சு.
ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை.
லூதரன் சபை விருந்துகளில்
உருளைக்கிழங்குப் பாத்திரம் எங்களுக்கு நடுவே
கைமாறாமல் ஆறிப்போகும்.

போன ஏப்ரலில் தபாலில் ஒரு பொட்டலம்.
ஒரே ஒரு கார்புரேட்டர். இடதுபக்கத்தது.
கடிதம் கிடையாது.
பாதியை அனுப்பிப் பழிப்புக் காட்டுகிறானா,
சரி, ஆகட்டும் என்று
பெட்ரோல் ஊற்றினேன், புது பிளக் போட்டேன்,
வலது துவாரத்தில் அவன் துணியை உருவிவிட்டு
ரப்பர் மூடி போட்டு இறுக்கினேன்.
நாற்பத்தொரு உதை. எண்ணினேன்.
அடுத்ததில்
டட்.
         டட்.
நொண்டிக் குதிரை எழுந்து நின்றது.

பதினெட்டு மைலையும் இருபத்தைந்து மைல் வேகத்தில்.
பள்ளிப் பேருந்து தாண்டிப் போனது,
பிள்ளைகள் கையசைத்தார்கள், இரக்கத்தோடு.
பன்றிப் பண்ணை நாய் ஒன்று கூடவே வந்தது,
ஓட வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை.
தேவாலய மேட்டில் இறங்கித் தள்ளினேன்.
அவனைத் திட்ட வரிசையாய் வைத்திருந்த சொற்களில்
பாதி அந்த மேட்டிலேயே உருண்டு போயின.

சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.
தாடி நரைத்திருந்தது.
தலையில் அப்பாவின் விதைக் கம்பெனித் தொப்பி.
குனிந்து கொஞ்சநேரம் கேட்டான்.
"ஐட்லிங் ஏத்தணும், ஆர்லிஸ்."
ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

மேசைமேல் காப்பி டின்னைக் கவிழ்த்தான்.
வலதுபக்கத்தது
வெள்ளை பூத்து, சுண்ணாம்புக் கட்டியாய் விழுந்தது.
மிதவை கிண்ணத்தோடு ஒட்டிப்போயிருந்தது.
ஜெட்டில் ஊசி நுழையவில்லை.
கூரை ஒழுகியதாம். டின்னில் தண்ணீர் நின்றதாம்.
ஒன்று மேலே கிடந்ததாம், ஒன்று அடியில்.
ஆக, இருந்ததில் நல்லதைத்தான்
எனக்கு அனுப்பியிருக்கிறான்.

வினிகரில் போட்டு அடுப்பில் ஏற்றினான்.
வீடெல்லாம் ஊறுகாய் வாடை.
"ரெண்டு நாளாகும். அதுவும் நிச்சயமில்ல."
சூப் இருந்தது. குடித்தேன்.
உப்பு அதிகம். சொல்லவில்லை.

இருட்டியபின் தன் டிரக்கில் கொண்டுவந்து விட்டான்.
வழியெல்லாம் மக்காச்சோள விலை பற்றியே பேசினோம்.
வீட்டுப் படியேறும்போதுதான் தோன்றியது,
இப்போது முழு வண்டியும் அவனிடம் இருக்கிறது.

கோட்டுப் பையில் கைவிட்டுப் பார்த்தேன்.
சாவி இருந்தது.